ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள்

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் தெற்கே சுமார் 8 கிலோமீட்டர் வந்தால் நோணாங்குப்பம். வெளியூர்க்காரர்களுக்கு அது சுண்ணாம்பாற்றுப் படகுத்துறை. குடியிருப்பவர்களுக்கு அது ஆறும் கழியும் கடலும் பக்கத்திலேயே இருக்கும் ஊர். ஐப்பசியில் மழை பிடித்தால் சுவரில் ஈரம் ஏறும், துணி காயாது, சன்னலைச் சாத்திக்கொண்டு நாலைந்து பேர் ஒரே அறையில் படுக்க வேண்டிவரும். மழை விட்டதும் மார்கழிப் பனி. ஒருவர் இருமினால் வீடே இருமும் காலம் அது. அந்த மாதங்களில் அதிகம் அவதிப்படுவது தவழும் குழந்தையும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா பாட்டியும்தான்.

மருத்துவமனைக்கு இங்கே பஞ்சமில்லை. பக்கத்திலேயே அரியாங்குப்பம் ஆரம்ப சுகாதார நிலையம். வடக்கே பேருந்து ஏறினால் நகரத்தில் இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை, எல்லைப்பிள்ளைச்சாவடியில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான ராஜீவ் காந்தி மருத்துவமனை, கோரிமேட்டில் ஜிப்மர், அங்கேயே மார்பு நோய்களுக்கென்று தனியாக ஓர் அரசு மருத்துவமனை. அதே கடலூர் சாலையில் தெற்கே போனால் கிருமாம்பாக்கத்திலும் பிள்ளையார்குப்பத்திலும் மருத்துவக் கல்லூரிகள். இந்தியாவில் எத்தனையோ ஊர்களுக்குக் கிடைக்காத வசதி இது. ஆனால் இரவு பதினொரு மணிக்குக் குழந்தைக்கு மூச்சு வாங்கும்போது, எந்த மருத்துவமனை என்பது இரண்டாவது கேள்விதான். இப்போதே கிளம்ப வேண்டுமா, விடியும்வரை பார்க்கலாமா என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு விடை சொல்ல அந்த நேரத்தில் வீட்டில் மருத்துவர் இல்லை, எக்ஸ்ரே இல்லை. குழந்தையும் அம்மாவும்தான் இருக்கிறார்கள்.

பல வருடங்களுக்கு முன் ஒரு புறநோயாளிப் பிரிவில் ஒரு மூத்த செவிலியரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மடியில் பத்து மாதக் குழந்தையோடு ஒரு பெண் வந்தார். “நெஞ்சுல கபம் கட்டிக்கிச்சு சிஸ்டர், ராத்திரியெல்லாம் கர்கர்னு சத்தம்” என்றார். செவிலியர் ஸ்டெதாஸ்கோப்பைத் தேடவில்லை. “புள்ளைய அழவைக்காம மடியிலேயே வச்சுக்கம்மா, சட்டையை மட்டும் மேல தூக்கு” என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி குழந்தையின் வயிற்றையே கவனித்தார். ஒரு நிமிடம் முழுக்க. நடுவில் இன்னொருவர் வந்து எதையோ கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. எண்ணி முடித்ததும் சீட்டில் 58 என்று எழுதி, அந்தத் தாயை வரிசையிலிருந்து எழுப்பி நேராக மருத்துவரிடம் அனுப்பினார். எனக்குப் புரியாமல் கேட்டபோது அவர் சொன்னது: “சத்தத்தை நம்பக்கூடாது. மூக்குச் சளிகூட நெஞ்சில கேக்கும். எண்ணிக்கைதான் பொய் சொல்லாது.”

அவர் செய்த வேலைக்குப் பின்னால் ஒரு தமிழ்நாட்டுக் கதை இருக்கிறது. அது இங்கே பலருக்குத் தெரியாது.

1980களில் வளரும் நாடுகளில் குழந்தைகளின் உயிரை அதிகம் குடித்த நோய்களில் நிமோனியா முன்வரிசையில் இருந்தது. மருந்து இருந்தது, விலையும் அதிகமில்லை. எந்தக் குழந்தைக்கு அந்த மருந்து வேண்டும் என்று கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். இருமும் குழந்தைகள் நூறு பேரில் பெரும்பாலோருக்கு வெறும் சளி. எல்லோருக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்தால் மருந்து வீண், கிருமிக்கும் எதிர்ப்பு வளரும். கொடுக்காமல் விட்டால் சிலர் இறந்துபோவார்கள். பிரித்தறிய எக்ஸ்ரே வேண்டும், அல்லது நெஞ்சில் குழல் வைத்து நுண்ணிய ஒலியைக் கேட்கப் பழகிய காது வேண்டும். கிராமத்துச் சுகாதாரப் பணியாளரிடம் இரண்டும் இல்லை. பாப்புவா நியூகினியில் வேலை செய்த மருத்துவர்கள் வேகமான மூச்சே போதுமான அடையாளம் என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் வேகம் என்றால் எவ்வளவு? ஒரு மாதக் குழந்தைக்கும் மூன்று வயதுக் குழந்தைக்கும் ஒரே அளவு பொருந்துமா?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தாமஸ் செரியன், ஜேக்கப் ஜான், எரிக் சிமோஸ் முதலானோர் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். நுரையீரலில் நோய் இறங்கிய குழந்தைகளையும் மேல்மூச்சுப் பாதையில் மட்டும் சளி பிடித்த குழந்தைகளையும் ஒப்பிட்டு, எளிய அடையாளங்களில் எது நம்பத்தக்கது என்று பார்த்தார்கள். 1988-ல் லான்செட் இதழில் வெளியான முடிவு இதுதான்: ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 50-க்கு மேல், ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் 40-க்கு மேல் மூச்சு ஓடினால் நோய் நுரையீரலுக்குள் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அடுத்த சில ஆண்டுகளில் உலக சுகாதார நிறுவனம் உலகம் முழுவதற்கும் வகுத்த அளவுகோலில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று ஆப்பிரிக்கக் கிராமத்தில் ஒரு பணியாளர் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுகிறார் என்றால் அந்த எண்ணில் வேலூர் வார்டின் உழைப்பும் கலந்திருக்கிறது.

அந்த அளவுகோல் இது. பிறந்து 2 மாதம் ஆகாத குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல். 2 மாதம் முதல் 12 மாதம் வரை 50 அல்லது அதற்கு மேல். 1 வயதிலிருந்து 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல். வயிறோ நெஞ்சோ ஒரு தரம் எழுந்து தாழ்ந்தால் ஒன்று. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது. குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடாது, சில நொடி விரைந்து சில நொடி நிற்கும். அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணினால் கணக்கு தப்பும். கடுமையான காய்ச்சலும் மூச்சைக் கூட்டும் என்பதால் காய்ச்சல் தணிந்தபின் இன்னொரு தரம் எண்ணுவது நல்லது. பச்சிளங்குழந்தைக்கு 60 வந்தால் உடனே மறுபடி எண்ண வேண்டும். இரண்டாம் தரமும் வந்தால் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும்.

மூச்சு ஏன் வேகமாகிறது? நுரையீரல் என்பது கோடிக்கணக்கான நுண்ணிய காற்றுப் பைகள். நிமோனியாவில் அவற்றில் ஒரு பகுதி சீழும் நீரும் நிறைந்து காற்று புகாமல் போகிறது. மீதிப் பைகள் மொத்த உடம்புக்கும் ஆக்சிஜன் தேட வேண்டும். ஒரே மூச்சில் கிடைக்காததை உடம்பு பல மூச்சுகளில் சேர்க்கப் பார்க்கிறது. அதுவும் போதாதபோது விலா எலும்புகளுக்கு இடையிலும் கீழேயும் உள்ள தசைகள் சேர்ந்து இழுக்கின்றன. நம்மூரில் “விலா இழுக்குது”, “நெஞ்சு பள்ளம் விழுது” என்று சொல்வது இதைத்தான். மூச்சை உள்ளே இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். களைத்துப்போன குழந்தைக்கு எண்ணிக்கை குறைந்துகூடப் போகலாம். அதை நல்ல அறிகுறி என்று ஏமாறக் கூடாது. பால் குடிக்க முடியாமை, வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம், உதடு நீலம் பாரித்தல், ஒவ்வொரு மூச்சை விடும்போதும் முனகல் இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியலுக்குக் காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள்.

ஒலியை வைத்துச் சொல்ல எதுவுமே இல்லையா என்றால், உண்டு. மூச்சை வெளியே விடும்போது விசில்போல் கேட்பது இளைப்பு, நுண்குழாய்கள் சுருங்கியிருக்கின்றன. உள்ளே இழுக்கும்போது கரடுமுரடாகக் கேட்டால் குரல்வளைப் பக்கம் வீக்கம் அல்லது அடைப்பு. சின்னக் குழந்தை எதையாவது விழுங்கியிருக்கவும் கூடும், அது அவசரம். இந்த ஒலிகளைப் பகுத்தறியும் கலையைத் தொடங்கிவைத்தவர் பிரெஞ்சு மருத்துவர் ரெனே லென்னக். 1816-ல் ஒரு தாளைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டதுதான் ஸ்டெதாஸ்கோப்பின் பிறப்பு. அவர் உயிரோடிருந்தபோதே, 1823-ல், பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்கள். ஜிப்மரின் வேர் அதுதான். வாழ்நாளெல்லாம் மற்றவர் நெஞ்சைக் கேட்ட லென்னக் 1826-ல் காசநோயால் இறந்தார்.

இனி வீட்டுப் பணிவிடை. எண்ணிக்கை அளவுக்குள் இருக்கிறது, பள்ளம் விழவில்லை, குழந்தை பால் குடிக்கிறது என்றால் அது பெரும்பாலும் சளிதான். ஒரு வாரம் பத்து நாளில் தானே போகும். அதற்குள் செய்ய வேண்டியது அதிகமில்லை. செய்யக் கூடாததுதான் அதிகம்.

தாய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்கலாம். மூக்கு அடைத்திருந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டை, பால் கொடுப்பதற்குச் சற்று முன்பு விட்டால் குழந்தை மூச்சுத் திணறாமல் குடிக்கும். மூச்சு மிக வேகமாக ஓடும்போது வற்புறுத்தி ஊட்டினால் புரையேறிவிடும். அப்போது ஊட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு இரவில் கொஞ்சம் தேன் இருமலைத் தணிக்கும். ஒரு வயதுக்குள் தேனே கூடாது. கற்பூரவல்லிச் சாறும் தூதுவளை ரசமும் பெரியவர்களுக்குத் தொண்டைக்கு இதம். ஆனால் மூச்சு வாங்கும் குழந்தைக்கு அவற்றைப் புகட்டிக்கொண்டு நேரத்தைக் கடத்தக் கூடாது.

மூக்கில் எண்ணெய் விடும் பழக்கத்தைக் கட்டாயம் கைவிட வேண்டும். குளிப்பாட்டும்போது மூக்கில் ஒரு சொட்டு விடுவது பாட்டிமார் அன்போடு செய்வதுதான். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அங்கிருந்து எளிதில் வெளியேறாது. அதுவே ஒரு வகை நிமோனியாவாகிறது. வாயில் விரல் விட்டுத் தொக்கம் எடுப்பதையும் கைவிட வேண்டும். நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது பெரியவருக்கு மூக்கடைப்பைச் சற்று நேரம் தளர்த்தும்; நுரையீரல் தொற்றை அது தொடுவதில்லை. குழந்தையைப் போர்வைக்குள் வைத்துக் கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் குனிய வைப்பது வெந்நீர்க் காயத்தில் போய் முடியும்.

இருமல் மருந்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் குழந்தைகள் அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த இருமல் மருந்து நமக்கு அருகில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்திருந்தது. அதையொட்டி மத்திய அரசு வெளியிட்ட அறிவுரை, 2 வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்து எழுதவோ கொடுக்கவோ கூடாது என்கிறது. 5 வயதுக்குட்பட்டவர்களுக்கும் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. சாதாரண இருமலுக்காக ஒரு பாட்டில் வாங்கி, அதற்குக் குழந்தையையே விலையாகக் கொடுத்த பெற்றோர் அவர்கள். போன தடவை வாங்கிய மருந்தின் மீதியை இந்தத் தடவை கொடுக்கும் பழக்கத்தை இதைப் படிக்கும் ஒருவராவது விட்டால் எனக்கு நிறைவு.

நிமோனியா என்று மருத்துவர் உறுதிசெய்தால், கடுமையில்லாத நோய்க்கு வாயால் கொடுக்கும் அமாக்ஸிசிலின்தான் முதல் மருந்து. தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கரையும் மாத்திரையாகவே கிடைக்கிறது. இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கலாம், குழந்தை விளையாடலாம். அதற்காக நிறுத்திவிடக் கூடாது. சொன்ன நாள்வரை கொடுக்க வேண்டும். மருந்து தொடங்கி இரண்டு நாளில் மறுபடி காட்டச் சொல்வார்கள். நன்றாக இருந்தாலும் போய்க் காட்ட வேண்டும், அங்கேயும் அவர்கள் முதலில் மூச்சைத்தான் எண்ணுவார்கள். நோயை வரவிடாமல் தடுப்பதில் தடுப்பூசிக்குப் பெரும் பங்கு. ஹிப் கிருமிக்கும் எதிரான, ஐந்து நோய்த் தடுப்பும் சேர்ந்த ஊசி 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் தொடங்கியது. நிமோகாக்கஸ் ஊசி 2021-ல் நாடு முழுவதும் வந்தது: 6 வாரம், 14 வாரம், 9 மாதம். தனியாரிடம் ஆயிரக்கணக்கில் விலையுள்ள ஊசி அரசு மையத்தில் இலவசம்.

இளைப்பு நோய்க்கு வருகிறேன். ஆஸ்துமா உள்ள பிள்ளையின் வீட்டில் மிகப் பெரிய தடை ஒரு சொல்: “பம்ப் வச்சா பழகிடும்.” பழகுவதில்லை. மாத்திரையாக விழுங்கினால் மருந்து உடம்பெல்லாம் சுற்றி வந்து நுரையீரலைச் சேர வேண்டும். பம்ப் வழியாக அதில் மிகச் சிறு அளவே போதும், அது நேராகக் குழாய்களில் படிகிறது. பம்ப் மருந்தில் இரண்டு வகை. ஒன்று சுருங்கிய குழாயை உடனே விரிப்பது. மற்றது உள்ளே இருக்கும் அழற்சியை நாள்பட ஆற்றுவது. இளைப்பு இல்லாத நாளிலும் தினமும் எடுக்க வேண்டியது இதுதான், பெரும்பாலோர் நிறுத்திவிடுவதும் இதைத்தான். எடுத்தபின் வாய் கொப்பளித்தால் வாயில் வெண்புண் வரும் வாய்ப்பு குறையும்.

எடுக்கும் முறை தவறினால் மருந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். குலுக்கி, இருக்கும் மூச்சை வெளியே விட்டு, உதட்டால் இறுகக் கவ்வி, மெல்ல இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, பத்து நொடி நிறுத்த வேண்டும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இது வராது; அதனால்தான் ஸ்பேசர் என்ற குடுவை. அது வாங்க முடியாதவர்களுக்காக, 500 மில்லி குளிர்பானப் பாட்டிலின் அடியில் பம்ப் வாய்க்குச் சரியாகத் துளையிட்டுப் பயன்படுத்தினாலும் கிட்டத்தட்ட அதே பலன் என்று 1999-ல் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் காட்டினார்கள். திடீர் இளைப்பில் ஆஸ்திரேலியர்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கும் முதலுதவி எளிது: நிமிர்ந்து உட்கார வைத்து, விரிக்கும் மருந்தை ஸ்பேசரில் ஒவ்வொன்றாக நாலு தரம், ஒவ்வொன்றுக்கும் நாலு மூச்சு, நாலு நிமிடம் காத்திருந்து, குறையாவிட்டால் மறுபடி நாலு, அப்போதும் குறையாவிட்டால் ஆம்புலன்ஸ்.

பெரியவர்களின் நாள்பட்ட இளைப்பு வேறு. பல ஆண்டு பீடியும் சிகரெட்டும் ஒரு காரணம். வாயில் பீடியே வைத்திராத பெண்களுக்கும் அது வருகிறது. சவுக்கு விறகும் தென்னை மட்டையும் எரித்துச் சமைத்த அடுப்புப் புகை அவர்கள் நெஞ்சில் தங்கியிருக்கிறது. “எனக்கு எதுக்குய்யா இந்த நோய், நான் என்ன சுருட்டா புடிச்சேன்” என்று ஒரு பாட்டி கேட்டால் அந்தக் கேள்விக்கு விடை அவர் அடுக்களைக் கூரையின் கரியில் இருக்கிறது. இந்த நோய்க்கு முழுக் குணமில்லை. புகையை நிறுத்துவதும் பம்பும் வருடாந்தர இன்ஃப்ளுயென்சா ஊசியும் மேலும் கெடாமல் காக்கும்.

மூச்சு முட்டும்போது இவர்களைப் படுக்க வைக்கக் கூடாது. நாற்காலியில் உட்கார வைத்து, முன்னால் மேசையில் தலையணை வைத்து, கைகளை அதன்மேல் ஊன்றச் சொல்ல வேண்டும். நெஞ்சுத் தசைகளுக்குப் பிடிமானம் கிடைக்கும். மூக்கால் இழுத்து, விளக்கை அணையாமல் ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து மெதுவாக விடச் சொல்ல வேண்டும். குழாய்கள் சட்டென்று மூடிக்கொள்ளாமல் காற்று வெளியேறும். பக்கத்தில் இருப்பவர் அவசரப்படாமல் கூடவே மூச்சு விட்டுக் காட்டினால் பயம் தணியும், பயம் தணிந்தால் மூச்சும் தணியும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைக் கொரோனா காலம் வீட்டுக்கு வீடு கொண்டுவந்தது. அதன் அடிப்படையை 1970களில் ஜப்பானில் கண்டறிந்த தகுவோ அவோயாகி, உலகம் அந்தக் கருவிக்கு அலைந்த 2020 ஏப்ரலில்தான் காலமானார். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: நாள்பட்ட இளைப்பு உள்ளவருக்கு மருத்துவமனையில் பெரும்பாலும் 88-லிருந்து 92 வரைதான் இலக்கு. வீட்டில் சிலிண்டர் இருக்கிறது என்று 98 ஆகும்வரை திருகினால் சிலருக்கு உடம்பில் கரியமிலவாயு தேங்கி மயக்கம் வரும்.

காசநோயிலும் கடைசியில் எண்ணிக்கைக்கே வந்து சேர்கிறோம். 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம், வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் சானடோரியத்துக்கு இணையாகக் குணமாகும், வீட்டிலுள்ளவர்களுக்கு அதனால் ஆபத்து கூடாது என்று 1959-ல் உலகுக்குக் காட்டியது. வீடு வீடாகப் போய் மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று பார்த்தவர்கள் இல்லாமல் அந்த முடிவு வந்திருக்காது. இன்றும் ஆறு மாத மருந்து இலவசம். இருந்தும் சிலர் தொடக்க வாரங்களிலேயே இறந்துவிடுகிறார்கள். அவர்களை முன்கூட்டியே கண்டறிய 2022-ல் தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கியது. நோய் உறுதியான அன்றே செவிலியரோ பணியாளரோ எடையும் உயரமும் பார்க்கிறார், காலில் வீக்கம் பார்க்கிறார், பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார், ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழா என்று பார்க்கிறார், நிமிடத்துக்கு மூச்சு 24-க்கு மேலா என்று எண்ணுகிறார். தேறாதவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். இதில் எதற்கும் பெரிய எந்திரம் தேவையில்லை.

வார்டில் இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் செய்வதும் இதுதான். தலைமாட்டை உயர்த்துகிறார், ஒருக்களித்துத் திருப்புகிறார், வாயைத் துடைக்கிறார், ஆக்சிஜன் குழாய் மூக்கைவிட்டு நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார், எண்ணி எழுதுகிறார். நள்ளிரவில் 28, இரண்டு மணிக்கு 32, மூன்றரைக்கு 36 என்ற வரிசையைக் கண்டதும் மருத்துவரை எழுப்புகிறார். ஒரு செவிலியருக்கு எத்தனை படுக்கை என்பது அதனால்தான் உயிர்ப் பிரச்சினை. படுக்கை கூடக்கூட எண்ண நேரமில்லாமல், சீட்டில் எல்லோருக்கும் ஒரே எண் ஏறிவிடுகிறது. மருத்துவமனைக் கட்டடத்துக்குக் குரல் கொடுக்கும் நாம் செவிலியர் எண்ணிக்கைக்கும் அதே அளவு உரக்கக் குரல் கொடுக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் நோயில்லாத இந்த இரவிலேயே, அது தூங்கும்போது, சட்டையைச் சற்றுத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் முழுக்க எண்ணிப் பாருங்கள். வந்த எண்ணைத் தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் தேதியோடு எழுதி வையுங்கள்.